அதே லென்ஸ், இரண்டாவது முறை

"அதுல என்ன சந்தேகம்" என்று பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்வார்கள். நாளைக்குக் கடை உண்டா என்று கேட்டால் சொல்வார்கள். டீயில் சர்க்கரை போட்டாயா என்று கேட்டாலும் சொல்வார்கள். என் கணவர் மட்டும் சொன்னதே இல்லை. மழை வருமா என்று கேட்டால், நனைந்துகொண்டு நிற்கும்போதுகூட, "வர்ற மாதிரிதான் இருக்கு" என்பார். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு "ஒருவேளை சார்" என்று பெயர். வைத்தவர் எங்கள் கடைக்கு நேர் எதிரே கடிகாரம் பழுதுபார்ப்பவர். காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே அங்கிருந்து குரல் வரும்.

"என்ன ஒருவேளை சார், இன்னிக்கு வந்திருக்கிறது நீங்கதானா?"

"அப்படித்தான் வீட்டுல சொல்லி அனுப்பினாங்க."

இருவரும் சிரித்துக்கொண்டே அவரவர் கடைக்குள் போவார்கள். பல வருடம் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள்கூட இருவருக்கும் அலுத்ததில்லை.

எங்களுடையது கண்ணாடிக் கடை. முன்பக்கம் ஃப்ரேம்கள் மாட்டிய அலமாரி. ஒரு திரைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் சிறிய அறை. அதற்கும் பின்னால், லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற அறை. பரிசோதிப்பது அவர் வேலை, தேய்ப்பது என் வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அதனால் தேய்க்கும் சக்கரம் நின்றிருக்கிற நேரமெல்லாம் அவர் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

"இப்ப பாருங்க... இப்ப பாருங்க. முதல்ல பார்த்ததா, இப்ப பார்க்கிறதா? எது தெளிவு?"

கல்யாணமான புதிதில் நான் அந்தத் தடுப்பின் இடுக்கு வழியாக அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். பரிசோதனை அறை நீளம் குறைவு. அதனால் இடவலம் மாற்றி எழுதிய எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் உயரத்தில் மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தார். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் எழுத்துகளைத் தேடுவார்கள். தேடுகிறபோது தங்கள் முகமும் தெரியும். அநேகம் பேர் எழுத்தைப் படிப்பதற்கு முன் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

அப்படிப் பார்த்த ஒருநாள்தான் கவனித்தேன். ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஒரு லென்ஸைச் சட்டத்தில் செருகினார், "இது ஒண்ணு" என்றார். அதை வெளியே எடுத்தார். பெட்டியில் எதையோ தேடுவதுபோல விரலால் சத்தம் எழுப்பினார். பிறகு அதே லென்ஸைத் திரும்பச் செருகினார். "இது ரெண்டு. எது தெளிவு?"

"ரெண்டாவதுதான் சார். ரொம்பத் தெளிவு" என்றார் டிரைவர்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "என்னங்க, அந்த மனுஷனை ஏமாத்துறீங்களா?"

"ஏமாத்தல. அவர் சொல்றதை எவ்வளவு நம்பலாம்னு பார்க்கிறேன். அவர் கண்ணுக்குள்ள நான் போய்ப் பார்க்க முடியாதில்ல? அவர் வாயால சொல்றதுதான் எனக்குக் கணக்கு. அதனால நடுவுல ஒரு தடவை இப்படி வச்சுப் பார்க்கிறது."

"ரெண்டும் ஒண்ணுதான்னு யாராவது சொல்வாங்களா?"

"சில பேர் சொல்வாங்க. நிறைய பேர் ரெண்டாவதைத்தான் சொல்வாங்க. பொய் சொல்றதில்ல, பாவம். நிஜமாவே தெளிவா தெரியுது அவங்களுக்கு."

அன்று மாலை வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவரே நாற்காலியில் உட்கார்ந்து என்னை லென்ஸ் மாற்றச் சொன்னார். "எப்பன்னு சொல்லாம அதே லென்ஸைத் திருப்பி வை" என்றார். வைத்தேன். என் கண் முன்னாலேயே, தந்திரம் தெரிந்த மனிதர், தந்திரத்துக்காகக் காத்திருந்த மனிதர், "ரெண்டாவது" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கடிகாரக்காரர் எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை. சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அம்மா சிறு வயதிலேயே போய்விட்டார். அப்பா லாரி ஓட்டி வீட்டுக்கு எப்போதாவது வருகிறவர். அக்காதான் வளர்த்தார். அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பியைப் பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் போகமாட்டார்.

"இவன் பொறந்ததுல இருந்தே இப்படித்தான். பசிக்குதாடான்னு கேட்டா, சாப்பிட்டுப் பார்த்துட்டு சொல்றேன்கா என்பான். தட்டு காலியானதும், பசிச்சிருக்குன்னு நினைக்கிறேன்கா என்பான்."

"சரியாத்தானே சொல்லியிருக்கேன்" என்பார் இவர்.

"உன் பொண்டாட்டி பாவம்டா."

அக்கா விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் எனக்கு அப்போது அது விளையாட்டாக இருந்ததில்லை. ஏனென்றால் நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கல்யாணமாகி எத்தனையோ பெண்கள் கேட்கிற கேள்வி, எத்தனையோ ஆண்கள் பேப்பரிலிருந்து தலை தூக்காமலே பதில் சொல்கிற கேள்வி.

"என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையைப் பாதி மடித்த நிலையில் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"கோவிச்சுக்காத. இப்படி உட்காரு" என்று சொல்லி, அதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் தொழில் கற்றது ஒரு பெரிய கண்ணாடிக் கடையில். அங்கே கல்லாவில் ஒரு பெண் இருந்தார். இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. "உலகத்துல எனக்கு நிச்சயமா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அது அவதான்" என்று அக்காவிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் வீட்டில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். இவர் சாப்பிடாமல் கிடந்தார். அக்கா பயந்து வேலைக்கு லீவு போட்டுக் காவல் இருந்தார்.

"அப்புறம் ஒரு மழைக்காலம்தான் போயிருக்கும். பஸ்ல ஒரு பொண்ணு என்னைப் பார்த்து சிரிச்சா. யாரோ கடைக்கு வந்த ஆளுன்னு நானும் சிரிச்சேன். இறங்கி நடந்து வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது அவதான்னு தெரிஞ்சுது. அப்படியே நின்னுட்டேன். அவளை நினைச்சு இல்ல. என்னை நினைச்சு. அவ்வளவு நிச்சயமா இருந்தேனே! அன்னிக்கு சத்தியம் பண்ணினவனும் நான்தான். மறந்தவனும் நான்தான். இப்ப உன்கிட்ட பிடிச்சிருக்குன்னு சொல்லப் போறவன் இவங்கள்ல எவன்னு எனக்கே தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?"

"அக்கா சொன்னா. நீயும் நல்லா சிரிச்ச. சரின்னு தோணுச்சு."

"தோணுச்சா?"

"தோணுச்சுன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே மடித்தேன்.

அவர் வேறு எதிலும் எனக்குக் குறை வைத்தவர் இல்லை. நான் சக்கரத்தின் முன் உட்கார்ந்து தேய்க்கும்போது முதுகுக்கு ஒரு பலகை செய்து வைத்தவர் அவர். மகள் பிறந்தபோது கடையை மூடிவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தவர் அவர். ஆனாலும் எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "நினைக்கிறேன்" இல்லாத வார்த்தை. அவருக்கும் அதைச் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. சொல்வதற்கு முன்னால் அது உண்மைதான் என்று தனக்குத் தெரியவேண்டும் என்று காத்திருந்தார். இப்படியே நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் தனக்காகக் காத்திருந்தார்.

கல்லூரியில் எனக்குத் தத்துவம் துணைப்பாடம். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்தது. ஒருநாள் மதியம் அதிலிருந்து ஒன்று ஞாபகம் வந்து, இதோ ஆள் மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷத்தில் பரிசோதனை அறைக்குள் போனேன். அவர் லென்ஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சந்தேகப்படுங்க. இந்தக் கடை, இந்தத் தெரு, நான், எல்லாமே பொய்னு வச்சுக்கங்க. ஆனா சந்தேகப்படுறதுக்கு ஒருத்தர் இருந்தாகணும் இல்லையா? அதையாவது நிச்சயமா எடுத்துக்கலாமில்ல?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். நன்றாக யோசித்தார்.

"சரி. நாற்காலியில ஆள் உட்கார்ந்திருக்கார். அது தெரியுது."

"ஆமா!"

"பவர் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அதுக்குத்தானே சோதிக்கிறது."

"யாரு சோதிக்கிறது? உட்கார்ந்திருக்கிறவரும் நான், லென்ஸ் மாத்துறவரும் நான்னா, யார் பதிலை யார் நம்புறது?"

"அப்போ என்னை நம்புங்க. நான் வெளியில இருந்து பார்க்கிறேன், நான் சொல்றேன்."

"என்ன சொல்வ?"

"உங்களுக்கு என்னைப் பிடிக்கும்."

அவர் முகம் மலர்ந்தது, பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கஸ்டமர் சொல்லவேண்டியதைக் கடைக்காரங்க சொல்லக் கூடாது."

அது அவர் தொழிலில் வைத்திருந்த விதி. பதிலை வந்தவர் வாயில் ஊட்டக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. தெளிவாக இருக்கிறது என்று வந்தவர் சொல்லிவிட்டால் அங்கேயே கையை எடுத்துவிடவேண்டும். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வருவார். எந்த லென்ஸ் போட்டாலும், "இதுக்கு மேல தெளிவு இருக்கா, பாருங்களேன்" என்பார். இவர், "இருக்கலாம் டீச்சர். ஆனா அதைத் தேடினா இந்தத் தெளிவும் போயிடும்" என்று சொல்லிச் சட்டத்தைக் கழற்றிவிடுவார். டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருப்பார். கண் ஒரு குழந்தை மாதிரி, அதிகம் கேட்டால் குழம்பிவிடும் என்பார் என்னிடம். அந்த விதியை அவர் தனக்கென்று ஒருநாளும் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் இருவருக்கும் வெள்ளெழுத்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தது. கண்ணாடிக் கடைக்காரர்கள் தங்களுக்கென்று நல்ல ஃப்ரேம் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். விற்காமல் தங்கிப்போனதைத்தான் போட்டுக்கொள்வார்கள். எங்களிடம் பழுப்பு நிறத்தில் சதுர ஃப்ரேம் ஒரு பெட்டி நிறையத் தங்கியிருந்தது. கொடுத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டோம். அடையாளத்துக்கு என்னுடையதன் காதில் மாட்டும் காம்பில், உள்பக்கம், மகள் தன் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

ஒருநாள் காலை கடை திறந்ததிலிருந்தே அவர் உற்சாகமாக இருந்தார். கடிகாரக்காரரைப் பார்த்து, "இன்னிக்கு எல்லாமே ரொம்பத் தெளிவா இருக்குய்யா" என்று சொன்னார். அவரே ஆச்சரியப்பட்டு, "ஒருவேளை சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். எனக்கு மட்டும் பின்னறையில் ஒரே தலைவலி. லென்ஸ் தூசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் அப்பாவை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் அம்மா கண்ணாடியைப் போட்டிருக்கீங்க?"

கழற்றிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் புள்ளி. கடிகாரக்காரர் இருமல் வருகிறவரை சிரித்தார். "ஊருக்கே கண் பார்க்கிறவர் காலையில இருந்து பொண்டாட்டி கண்ணால பார்த்திருக்கார்! நல்லவேளை, என் கடிகாரத்தை உங்ககிட்ட கொடுக்கல."

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான். ஆனால் மாலையில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"காலையில இருந்து நான் எதையும் என் கண்ணாடியில பார்க்கல. ஒரு தடவைகூட உறைக்கல."

"நல்லாத்தானே தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அதைத்தான் சொல்றேன்." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உன் கண்ணாடியில எனக்கு இவ்வளவு தெளிவா தெரியுதுன்னா..." என்றார்.

நான் காத்திருந்தேன். பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போனது. கடிகாரக்காரர் தன் கடையின் விளக்கை அணைத்தார். என் கணவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "வா, போகலாம்" என்று நடக்க ஆரம்பித்தார். அதன் மீதிப் பாதியைப் பல வருடம் நானே பலவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன்.

மகள் படித்து முடித்துக் கடைக்கு வந்த சமயத்தில்தான் அவருக்கு எழுத்துப் பலகை வளைந்துபோனது. நடுவரி அலை மாதிரி தெரிகிறது, மழை ஈரத்தில் பலகை ஊதிவிட்டது என்றார். தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் பலகையின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு சார்" என்றார். "வளைஞ்சிருக்குய்யா, எனக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டுப் புதுப் பலகையே செய்யவைத்தார். வாழ்க்கை முழுக்கத் தன்னைச் சந்தேகப்பட்ட மனிதர், சந்தேகப்பட்டிருக்கவேண்டிய அந்த ஒரு சமயத்தில், பலகையைச் சந்தேகப்பட்டார். புதுப் பலகையும் வளைந்து தெரிந்தபோதுதான் மகளிடம், "என் கண்ணைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகள் எந்த லென்ஸ் போட்டும் நடுவரி நேராகவில்லை. கண் மருத்துவர் விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. ஓரங்கள் நன்றாக இருக்கும். நடுவில் இருப்பது மெல்ல மெல்ல மறையும். ஊசி போட்டு நாளைத் தள்ளலாம். இதற்குக் கண்ணாடி கிடையாது.

"எங்ககிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கே டாக்டர்" என்றார் இவர். மருத்துவருக்குப் புரியவில்லை. நானும் மகளும் சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதோம்.

நடுவில் இருப்பது என்றால் அவர் எதைப் பார்க்கிறாரோ அது. ஒருநாள் அவருக்கு நேராக உட்கார்ந்து கேட்டேன்.

"என் முகம் தெரியுதா?"

"காது ரெண்டும் தெரியுது. முடி தெரியுது. நடுவுல நீ இல்ல." பிறகு பார்வையை என் தோளுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியில் வைத்தார். "இப்ப வர்ற."

அப்படிப் பார்க்கப் பழகிக்கொண்டார். யாரைப் பார்க்கவேண்டுமோ அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார். தெரியாதவர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்புவார்கள். கடிகாரக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "யோவ், கடன்காரன் எவனோ வந்துட்டான்னு பயந்துட்டேன்" என்றார்.

நாற்காலியும் பெட்டியும் மகளுக்குப் போயின. அவர் பின்னறைக்கு, என்னிடம் வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் தேய்த்துக் கொடுக்கிற லென்ஸின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, "இங்க ஒரு பிசிறு" என்று திருப்பிக் கொடுப்பார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்கும். முதல்ல பார்த்ததா, இப்ப பார்க்கிறதா? இருவரும் கைவேலையை நிறுத்திக் கேட்போம். அவள் அதே லென்ஸைத் திரும்பச் செருகுகிறாளா என்பதை, பெட்டியில் எழும் சத்தத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தது அப்போதுதான்.

அந்த நெருக்கத்தில் எனக்குத் தைரியம் வந்தது. "இப்பவாவது சொல்லுங்களேன்" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. கட்டைவிரலை லென்ஸின் மேல் வைத்தபடியே என் தோளுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"இரு. பார்த்துக்கிட்டிருக்கேன்."

பிறகு ஒருநாள் ஸ்டூலிலிருந்து எழுந்தவர் ஒருபக்கமாகச் சரிந்தார். மூளையில் ரத்தக் கட்டி. ஆஸ்பத்திரியில் இடது கை விழுந்துகிடந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஞாபகம் முன்னும் பின்னும் போய் வந்தது. அக்கா வந்தபோது அம்மா என்று கூப்பிட்டார். அக்கா திருத்தவில்லை, "சொல்லுப்பா" என்றார். தன் இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று மகளிடம் கேட்டார்.

காலையில் பணிக்கு வருகிற நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாக நின்று கேள்வி கேட்பார். நோயாளிக்கு நினைவு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். மகள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

"கடை போர்டுல போட்டிருக்கும். பாருங்க."

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"நீங்க ஒரு கிழமை சொல்லுங்க. பொருந்துதான்னு பார்ப்போம்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பேனாவால் என்னைக் காட்டினார். "சரி, இவங்க யாரு?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். நர்ஸ் அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தார். எனக்குத் தெரியும், அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்டாட்டி."

"எங்கேயோ பார்க்கிறீங்களே ஐயா. நல்லா தெரியுதா? நிச்சயமா?"

அவர் புருவம் சுருங்கியது. அற்பமான கேள்விகளுக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு சலிப்போடு சொன்னார்.

"அதுல என்ன சந்தேகம்."

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா, கேட்டியா?" என்றாள். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்குள் கண்ணயர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன் பிறகும் சில மாதங்கள் இருந்தார். அவருக்கு முகம் மழித்துவிடும்போது, கஞ்சி ஊட்டும்போது, என் தோளில் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் துடைக்கும்போது, எங்கள் இருவரின் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கேட்டிருக்கலாம். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. தெளிவு என்று சொல்லிவிட்டார், கையை எடுத்துவிட வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

விஷயத்தை மகள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கடிகாரக்காரர் வீட்டுக்கே வந்தார். "சொல்லிட்டாராமே? ஒருவேளை சார் வாயால சொல்லிட்டாராமே?" என்று கேட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நானும் மகளும் ஷட்டரைத் தூக்கும்போது எதிர்க்கடையிலிருந்து குரல் வருவதில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திவிட்டு அவர் உள்ளே போய்விடுகிறார்.

எனக்கு இதோடு போதும் என்றிருக்கவேண்டும். ஆனால் சந்தேகம் இப்போது என்னிடம் வந்து தங்கிவிட்டது. நர்ஸ் கேட்டது நான் யார் என்று. அதற்குத்தான் அவர் பதில் சொன்னாரா? நான் அவர் மனைவி என்பதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அல்லது அத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்தவர், அன்றைக்குப் பார்த்து முடித்தாரா? இல்லை, நினைவு தளர்ந்த நேரத்தில், தெருவில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அவர் வாயிலும் வந்துவிட்டதா? ஒன்றை வைத்துப் பார்க்கிறேன், தெளிவாக இருக்கிறது. எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறேன், அதுவும் தெளிவாகத்தான் இருக்கிறது. சில சமயம் நான் வைத்தது அதே லென்ஸைத்தானோ என்று தோன்றுகிறது.

மகள் முன்கடையில் கணக்கு முடிக்கிற நேரத்தில் நான் பரிசோதனை அறைக்குள் போகிறேன். பெட்டியைத் துடைக்கிறேன். நிலைக்கண்ணாடியில் எழுத்துப் பலகை தெரிகிறது, வரிகளெல்லாம் நேராக இருக்கின்றன. ஒரே ஒரு முறை, கடைசியாக ஒரு முறை, கேட்டுப் பார்த்தால் என்ன என்று கை லென்ஸை நோக்கிப் போகிறது. எடுத்துக்கொண்டு திரும்புகிறேன்.

நாற்காலியில் ஆள் இல்லை. அது தெரிகிறது.